ஸ்பானிஷ் பேசுபவர்களின் ஆங்கிலத்தில் கமாவும் கேப்பிடலும்: சிவப்பு மையா, போனா, இரண்டு பத்தி நோட்டா?

ஆங்கிலம் படிக்கும், ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குச் சில வருடங்களாக ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். ஒருவர் மெக்சிகோவில் இருப்பார், இன்னொருவர் ஸ்பெயினில், ஆனால் அனுப்பும் மெயிலைப் பார்த்தால் ஒரே ஆள் எழுதியது போல இருக்கும். சமீபத்தில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். டியர் டீச்சர் என்று போட்டு, பக்கத்தில் கமாவுக்குப் பதில் கோலன் (:). அடுத்த வரி ¿ என்ற தலைகீழ்க் கேள்விக்குறியோடு ஆரம்பிக்கிறது. மன்டே, ஜனவரி, இங்கிலீஷ் மூன்றுக்கும் முதல் எழுத்து ஸ்மால் லெட்டர், நடுவில் வரும் 'ஐ' (நான்) கூட அப்படித்தான். அப்புறம், அம்மா பிரெஞ்சு பேசுவார், நான் இங்கிலீஷ் படிக்கிறேன், மன்டே பரீட்சை என்று மூன்று முழு வாக்கியங்கள், இடையில் வெறும் கமா.

இதில் எதுவும் கவனக்குறைவு இல்லை. ஸ்பானிஷில் இப்படித்தான் எழுதுவார்கள். தமிழில் கேப்பிடல் லெட்டரே கிடையாது என்பதால் நாம் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறோம். அவர்களுக்கோ அதே எழுத்து ஏற்கெனவே தெரியும், விதிதான் வேறு. பாதி தெரிந்த விஷயத்தை மாற்றுவதுதான் கஷ்டம். அதனால் எந்த வழி உதவுகிறது என்று பார்க்கும்போது, அந்தப் பழைய பழக்கத்தை அது தொடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சிவப்பு மையால் வட்டம் போடுவதுதான் பெரும்பாலான ஆசிரியர்களின் வழி. கண்ணுக்குத் தெரியும் தப்புகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ¿ குறியை இரண்டு முறை சுட்டிக்காட்டினால் போதும், போய்விடும். ஸ்பானிஷ் மொழிக்கு விதி வகுக்கும் ஸ்பெயினின் ராயல் அகாடமி 1754-இல் இந்தக் குறியைக் கொண்டுவந்ததற்கு நியாயமான காரணம் உண்டு: ஸ்பானிஷில் 'வியேனெஸ்' என்றால் வருகிறாய் என்றும் பொருள், வருகிறாயா என்றும் பொருள். நமக்குக் கடைசியில் ஓர் 'ஆ' வந்து காட்டிக்கொடுக்கும், ஆங்கிலத்தில் வார்த்தை வரிசை மாறிக் காட்டிக்கொடுக்கும், ஸ்பானிஷில் குறிதான் காட்ட வேண்டும். இந்தக் காரணத்தைச் சொன்னால் மாணவர் அதை மனக்குறை இல்லாமல் விடுகிறார். ஆனால் ஸ்மால் லெட்டரில் எழுதிய மன்டே அவர் கண்ணுக்குத் தப்பாகவே தெரியாது, எத்தனை வட்டம் போட்டாலும் அடுத்த மெயிலில் திரும்ப வரும். பக்கம் முழுக்கச் சிவப்பாகப் பார்த்தால் எழுதும் ஆசையே போய்விடும் என்பது இன்னொரு கவலை.

போனை நம்பலாமா? கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தால் மன்டேயும் 'ஐ'யும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அவசரத்துக்கு ஆபீஸ் மெயில் அனுப்புகிறவருக்கு அது பெரிய உதவி. மார்ச், மே, போலிஷ் என்று வரும்போதுதான் சிக்கல். கேப்பிடல் போட்டால் மாதம், போலந்து மொழி; போடாவிட்டால் அணிவகுத்து நட, ஒருவேளை, தேய்த்து மெருகேற்று. போன் இங்கே பல சமயம் தடுமாறும். கையால் எழுதும் பரீட்சையில் போனும் இருக்காது.

நான் நம்புவது மூன்றாவது வழியை. நோட்டில் நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் மாணவர் தன் ஸ்பானிஷில் ஒரு வாக்கியம், வலப்பக்கம் அதையே ஆங்கிலத்தில். அர்த்தத்தைப் பேசாமல் குறிகளையும் எழுத்து அளவையும் மட்டும் ஒப்பிட வேண்டும். எஸ்பாஞா என்ற நாட்டுப் பெயருக்கு இரண்டு பக்கமும் கேப்பிடல், ஆனால் எஸ்பஞோல் என்ற மொழிக்கும் மக்களுக்கும் இடப்பக்கம் ஸ்மால் லெட்டர்தான். இதைத் தானே கண்டுபிடித்த மாணவர், நாட்டுப் பெயரிலிருந்து வரும் வார்த்தைக்கும் ஆங்கிலம் கேப்பிடல் போடும் என்பதை மறப்பதில்லை. புத்தகத் தலைப்பில் ஸ்பானிஷ் கேப்பிடலை முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளும், கதை உரையாடலை நீண்ட கோடு போட்டு ஆரம்பிக்கும், ஸ்பெயினில் இரண்டரை கிலோவை 2,5 என்று எழுதுவார்கள், மெக்சிகோவில் 2.5. இவையெல்லாம் ஒரே வகுப்பில் முடிந்துவிடும்.

முடியாமல் இழுப்பது அந்தக் கமாதான். சின்னச் சின்ன முழு வாக்கியங்களைக் கமாவால் அடுக்குவது ஸ்பானிஷில் பெரும்பாலும் ஏற்கப்படும் நடை, ஆங்கில ஆசிரியர்கள் பெரும்பாலோருக்கு அது பிழை, அதனால் மாணவர் அழகாக எழுத முயலும்போதெல்லாம் மாட்டிக்கொள்கிறார். இதற்கு நோட்டு மட்டும் போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், வலப்பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, முற்றுப்புள்ளி விழும் இடத்தில் பென்சிலால் மேசையைத் தட்டச் சொல்கிறேன். மாதக்கணக்கில் ஆகும்.

பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் சிவப்பு மையை எடுங்கள், ஆனால் ஒரு மெயிலுக்கு ஒரு வகைத் தப்பை மட்டும் வட்டமிடுங்கள். நேரம் இருந்தால் நோட்டுதான்.

மேலே சொன்ன அந்த மெயில்காரர் இப்போது மன்டேயைச் சரியாக எழுதுகிறார், கமா இன்னும் நழுவுகிறது. கோலனைப் பற்றி அவரே கேட்டார். நண்பருக்கு எழுதினால் கமா போடுங்கள், அமெரிக்க கம்பெனிக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதினால் உங்கள் கோலனே சரி என்றேன். அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.