எக்ஸ்சேஞ்சுக்கு லுண்ட் போகலாமா? பழக ஆள் கிடைக்குமா?

படிப்பின் நடுவில் சில மாதங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்று யோசிப்பவர்கள் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலைத்தான். ஒரே ஒரு செமஸ்டருக்குப் போகிறவருக்கு அது பெரிதாக உதவாது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம், சனிக்கிழமை சாயங்காலம் எங்கே இருப்போம், அந்த ஊர்ப் பிள்ளைகள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா, இதெல்லாம்தான் அந்தச் சில மாதங்கள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்கிறது. ஸ்வீடனின் தென்கோடியில் இருக்கும் லுண்ட் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்சேஞ்ச் படித்தவன் நான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைந்தது தங்குமிடத்தால், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊர் சின்னது, மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடாது. அதில் 40,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும், 1666இல் தொடங்கிய பல்கலைக்கழகம். எங்கே போனாலும் சைக்கிள், எந்தப் பக்கம் திரும்பினாலும் மாணவர்கள். பெரிய நகரத்துப் பல்கலைக்கழகங்களில் வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு ரயிலைப் பிடித்துக் காணாமல் போய்விடுவார்கள், இங்கே காலையில் வகுப்பில் பார்த்த முகத்தையே சாயங்காலம் கடையிலும் பார்ப்பீர்கள்.

ஆனால் லுண்டைத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம் நேஷன்கள் எனப்படும் மாணவர் சங்கங்கள். ஸ்வீடனின் வட்டாரங்கள், ஊர்களின் பெயரில் மொத்தம் 13 நேஷன்கள் இருக்கின்றன: மால்மோ, கல்மார், யோத்தெபோரி, வெர்ம்லாண்ட் என்று. பெயர்தான் அப்படி, எந்த ஊர்க்காரரும் எதிலும் சேரலாம். மதிய உணவு, ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் (காலையும் மதியமும் சேர்த்த சாப்பாடு), பப், நடன இரவு, பாடகர் குழு, விளையாட்டு எல்லாவற்றையும் மாணவர்களே நடத்துகிறார்கள். ஸ்டுடென்ட்லுண்ட் என்ற கூட்டு உறுப்பினர் அட்டை எடுத்தால் மற்ற நேஷன்களுக்குள்ளும் போய்வரலாம்; ஸ்மோலாண்ட்ஸ் நேஷன் மட்டும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே தனியாக இயங்குகிறது. வந்த வாரமே அட்டையை எடுத்துவிடுங்கள்.

அட்டை எடுத்தால் மட்டும் நண்பர்கள் வந்துவிட மாட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களில் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தொடக்க வாரங்களில் புதியவர்களுக்கு வழிகாட்டும் மென்டர் குழு, விருந்து, சுற்றுலா என்று அமர்க்களமாக இருக்கும், ஜெர்மனி, ஸ்பெயின், ஆஸ்திரேலியா என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் பழக்கமாகிவிடுவார்கள், ஆனால் செமஸ்டர் முடியும்போது திரும்பிப் பார்த்தால் ஒரு ஸ்வீடன்காரர் வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டோம். ஸ்வீடன்காரர்கள் கர்வம் பிடித்தவர்கள் இல்லை, காரணமில்லாமல் பேச்சுக் கொடுக்கும் பழக்கம் அவர்களிடம் குறைவு, அவ்வளவுதான். அந்தக் காரணத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும், அதற்கு நேஷன் சமையலறையை மிஞ்சிய இடம் கிடையாது.

அங்கே சம்பளம் இல்லாத வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போய் நிற்பீர்கள். கையில் ஒரு கத்தியும் மலை போல வெங்காயமும் கொடுப்பார்கள். எதிரே நிற்பவர் முதல் அரை மணி நேரம் வாயே திறக்க மாட்டார். அப்புறம் நீங்கள் வெங்காயம் நறுக்கும் வேகத்தைப் பார்த்து ஏதோ கேட்பார், பாத்திரம் கழுவும் நேரத்தில் அவருடைய அம்மாவின் ஊர் வரைக்கும் தெரிந்துவிடும். வேலை செய்தவர்களுக்கு நன்றி சொல்லத் தனியாக ஒரு விருந்தும் வைப்பார்கள், அதில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் உங்களோடு வியர்வை சிந்தியவர்கள். எனக்கு இன்று வரை பேச்சு விடாமல் இருக்கும் ஸ்வீடன் நண்பர்கள் எல்லாருமே இப்படிக் கிடைத்தவர்கள்தான்.

சிட்னிங் என்ற விருந்துக்கு ஒரு முறையாவது கட்டாயம் போங்கள். நீள மேசையில், தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைப்பார்கள். ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் இருக்கும். மூன்று வகை சாப்பாட்டுக்கு நடுவில் திடீரென்று ஒருவர் எழுந்து பாட்டின் பெயரைச் சொல்வார், அத்தனை பேரும் முள்கரண்டியை வைத்துவிட்டுப் பாடுவார்கள், பாட்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பையை வாயில் வைக்க வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மெட்டு இரண்டாவது வரியிலேயே பிடிபட்டுவிடும். குடிக்காதவர்கள் தயங்கத் தேவையில்லை, மது இல்லாத டிக்கெட் பெரும்பாலும் தனியாகவே இருக்கும், யாரும் வற்புறுத்துவதும் இல்லை. சைவச் சாப்பாடும் முன்கூட்டியே சொன்னால் கிடைத்துவிடும்.

சரி, குறைக்கு வருவோம். தங்குமிடம். பல்கலைக்கழகத்தின் விடுதிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம், ஆனால் அறை கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. விண்ணப்பம் திறக்கும் நாளைக் குறித்துவைத்து அன்றைக்கே போட்டுவிடுங்கள். தாமதித்தால் முன்பின் தெரியாதவரின் அறைக்கு அலைய வேண்டி வரும், நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. தேர்ந்தெடுக்க வாய்ப்பு வந்தால் தனி வீட்டைக் கேட்காதீர்கள், டெல்ஃபி, ஸ்பார்ட்டா போன்ற மாணவர் குடியிருப்புகளில் பொதுச் சமையலறை உள்ள காரிடார் அறையைக் கேளுங்கள். டிசம்பரில் மாலை மூன்றரை மணிக்கே இருட்டிவிடும், அந்த நேரத்தில் தனி அறைக்குள் முடங்கிக் கிடந்தால் மனசு விட்டுப்போகும். எதிரே ஒருவர் பாஸ்தா வேகவைத்துக்கொண்டிருந்தாலே போதும், அன்றைய பொழுது வேறு மாதிரி ஆகிவிடும்.

எந்த செமஸ்டர் என்று கேட்டால், ஆகஸ்ட் கடைசியில் தொடங்குவதையே சொல்வேன். வசந்தகால செமஸ்டருக்குப் போனால் ஏப்ரல் 30 வால்போரி கொண்டாட்டம் கிடைக்கும், நகரப் பூங்கா முழுக்க மாணவர்கள் காலையிலிருந்தே விரிப்பு போட்டு உட்கார்ந்திருப்பார்கள், மறுநாள் மாலை பல்கலைக்கழகப் படிக்கட்டில் மாணவர் பாடகர் குழு பாடும். அருமையான நாட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் ஸ்வீடன் மாணவர்களும் புதிதாக ஊருக்கு வருகிறார்கள், அவர்களுக்கும் அங்கே யாரையும் தெரியாது. ஜனவரியில் போனால் எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரு கூட்டம் சேர்ந்திருக்கும், உள்ளே நுழைவது கடினம்.

பாடச் சுமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சமூக அறிவியல், கலைப் பாடங்களில் பெரும்பாலும் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது, வகுப்பு நேரமும் குறைவு, நேஷன் வேலைக்குத் தாராளமாக நேரம் இருக்கும். எல்.டி.எச். என்ற பொறியியல் பிரிவில் பாடங்கள் இணையாக ஓடும், தேர்வு நெருங்கினால் மூச்சு விட நேரம் இருக்காது.

பெரிய நகரம் வேண்டும் என்பவர்களுக்கு மால்மோ ரயிலில் கால் மணி நேரத்துக்குள், ஓரசுண்ட் பாலத்தைத் தாண்டினால் கோபன்ஹேகன். அடிக்கடி ஓடாதீர்கள், வாரக்கடைசி எல்லாம் வெளியூரில் கழிந்தால் லுண்டில் யாரும் உங்கள் பெயரை ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் இரண்டாவது இடத்துக்கு உப்சாலாவைப் போடுங்கள், அங்கேயும் 13 நேஷன்கள் உண்டு, ஸ்டாக்ஹோமும் பக்கம்.