யூயூசிபியா, பாப்3ஆ: டயல்-அப் அஞ்சலுக்கு எது?

கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலையம். பத்துப் பேருக்கு மின்னஞ்சல், சில செய்திக்குழுக்கள் (பொதுவில் கடிதம் போட்டு உரையாடும் குழுக்கள்). வவுனியாவில் மோடம் பூட்டிய ஒரு கணினி. இரண்டையும் தொலைபேசி லைனால் எப்படி இணைப்பது?

பிபிபி (தொலைபேசி லைனில் இணையத்தோடு இணைக்கும் முறை) எடுத்து பாப்3 (சேவையகத்துப் பெட்டியிலிருந்து அஞ்சலை எடுக்கும் நெறிமுறை) வழியாக அஞ்சலை இறக்குவது தொடங்கச் சுகம். ஆளுக்கொரு பெட்டி என்றால் அது போதும். எல்லாருக்கும் வருவதை ஒரே பெட்டியில் போட்டுப் பிரிக்க வெளிக்கிட்டால்தான் கரைச்சல். பாப்3 கடித உறையை, அதாவது அஞ்சல் உண்மையில் யாருக்கு என்று சேவையகங்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் முகவரியை, தராது. தலைப்பு வரிகளைப் பார்த்து ஊகிக்க வேண்டும். மறைபிரதியாக வந்த கடிதம் யாருக்கென்றே தெரியாது.

யூயூசிபி என்பது ஒரு கணினி இன்னொன்றை அழைத்து, வரிசையில் இருக்கும் கோப்புகளையும் கட்டளைகளையும் மாற்றிக்கொள்ளும் முறை. அதில் அந்தக் கவலை இல்லை. பெறுநர் முகவரி, வந்த அஞ்சலைச் சேர்ப்பிக்கும் ஆர்மெயில் கட்டளையோடு சேர்ந்தே வரும். செய்திகளும் சுருக்கிய கட்டுகளாக வர, ஆர்நியூஸ் என்ற நிரல் பிரித்துப் போடும். மாரியில் லைன் இரைந்தால் யூயூசிபியின் 'ஜி' நெறிமுறை பொதிக்குப் பொதி சரிபார்த்துப் பழுதானதைத் திரும்ப அனுப்பவைக்கும். இடையில் அறுந்தாலும் போய்ச்சேராத கடிதம் வரிசையிலேயே இருக்கும்.

அமைப்பதுதான் கொஞ்சம் வேலை. டெய்லர் யூயூசிபியில் (யூயூசிபியை இயக்கும் ஒரு நிரல்தொகுப்பு) சிஸ் (எதிர்க்கணினி பற்றியது), போர்ட் (மோடம் பூட்டிய இடம்), டயல் (அழைக்கும் விதம்) என்று கோப்புகள் எழுத வேண்டும். உள்நுழையும் உரையாடலில் 'லாகின்' என்பதன் முதல் ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்துக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். அது பெரிய எழுத்தாக வந்தாலும் சிறிய எழுத்தாக வந்தாலும் பிடிபடும்.

நிலையத்துக்கு நான் யூயூசிபியைத்தான் சொல்வேன். இணையத்தளமும் பார்க்க வேண்டுமென்றால் பிபிபியையும் எடுத்து, அதன்மேல் டிசிபி என்ற இணைய நெறிமுறையின் 540ஆம் போர்ட்டில் (வாயில் எண்ணில்) யூயூசிபியை ஓட்டலாம்.