பெற்றோருக்கு 'என்எச்எஸ் கார்டு' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் இருப்பவர்கள், அதிலும் அப்பா அம்மாவை விசிட் விசாவில் அழைத்துவரப் போகிறவர்கள், டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வாடகை வீடு, விசா விண்ணப்பம், குழந்தைக்குப் பள்ளிக்கூட இடம் என்று எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு ஏஜென்ட். தமிழ் ஆள்தான். போன வருடம் என் அம்மா ஆறு மாத விசாவில் வந்தபோது 180 பவுண்டு வாங்கிக்கொண்டு 'பேரன்ட்ஸ் பேக்கேஜ்' என்று ஒன்றைக் கொடுத்தார். அம்மா பெயரும் ஒரு பத்து இலக்க எண்ணும் போட்ட நீல நிற பிளாஸ்டிக் அட்டை, என்எச்எஸ் (இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை) கார்டு என்று. "இது கையில இருந்தா எந்த ஆஸ்பத்திரியிலயும் ஒரு பைசா கேட்க மாட்டாங்க அக்கா. டிராவல் இன்சூரன்ஸ் எல்லாம் தண்டச் செலவு" என்றார். வாட்ஸாப்பிலும் அதையே எழுதி அனுப்பினார்.

அந்தக் காசுக்கு அவர் செய்த வேலை, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஜிபி சர்ஜரியில் (குடும்ப மருத்துவரின் கிளினிக்) ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தது. அது இலவசம். இங்கிலாந்தில் யாரும் ஜிபியிடம் பதிந்துகொள்ளலாம், விசிட்டர் உட்பட. முகவரிச் சான்றோ விசா ஆவணமோ கட்டாயம் இல்லை. பதிந்தால் என்எச்எஸ் எண் தானாக வரும். அட்டையை அவரே அச்சடித்திருக்கிறார். நன்றாகத்தான் அச்சடித்திருந்தார், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

180 பவுண்டோடு போயிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஜனவரியில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏ அண்ட் ஈக்கு (ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு) ஓடினோம். நிமோனியா என்று வார்டில் சேர்த்தார்கள். மருத்துவத்தில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் ஒரு பெண்மணி படிவத்தோடு கட்டிலருகே வந்து, அம்மா எந்த விசாவில் வந்திருக்கிறார் என்று பணிவாகக் கேட்டார். வெளிநாட்டு நோயாளிகளுக்கான பிரிவாம். நான் அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு அட்டையை என்எச்எஸ் கொடுப்பதே இல்லை என்றார். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் பில் வந்தது. பல ஆயிரம் பவுண்டு.

விஷயம் இதுதான். ஜிபியைப் பார்க்க யாருக்கும் கட்டணம் இல்லை. ஏ அண்ட் ஈயில் கொடுக்கும் அவசர சிகிச்சைக்கும் இல்லை. ஆனால் வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து விசிட்டருக்குக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும், அதுவும் என்எச்எஸ்ஸின் சாதாரண விலையில் 150 சதவீதம். இங்கே வேலை விசாவில் இருக்கிற நமக்கு ஆஸ்பத்திரியில் கட்டணம் கேட்பதில்லை என்றால், விசா எடுக்கும்போதே ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறோம் (2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களுக்கு விலக்கு உண்டு). விசிட் விசாவுக்கு அந்தக் கட்டணமே கிடையாது, அதனால் அந்த உரிமையும் கிடையாது. சில நாட்டுக்காரர்களுக்கு ஒப்பந்தம் மூலம் சலுகை இருக்கிறது. இந்தியாவோடு அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. என்எச்எஸ் எண் ஆளை அடையாளம் காணத்தான். அதை வைத்து இலவசம் என்று யாரும் முடிவு செய்வதில்லை. அந்த ஏஜென்ட் இதெல்லாம் தெரிந்தே விற்கிறார் என்பதுதான் என் கணிப்பு. ஏனென்றால் பில்லோடு போன் செய்தபோது, "நான் ஜிபி பதிவுக்குத்தானே அக்கா காசு வாங்கினேன்" என்று ஒரு வக்கீல் மாதிரி பேசினார். வாட்ஸாப் செய்தியை அவருக்கே திருப்பி அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார். பணம் அவர் சொந்தக் கணக்குக்குப் போனது, ரசீது என்று ஒன்றும் தரவில்லை.

எனவே ஜிபி பதிவுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். சர்ஜரி வரவேற்பில் நேராகப் போய்க் கேளுங்கள், ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை. பெற்றோருக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் எடுங்கள். சர்க்கரை, பிரஷர், பழைய இதய நோய் எதையும் மறைக்காமல் எழுதி எடுங்கள், இல்லையென்றால் கிளெய்ம் நிற்காது.

ஏற்கெனவே பில் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? வைக்காதீர்கள். 500 பவுண்டு அல்லது அதற்கு மேல் பாக்கி இரண்டு மாதம் நின்றால் விசாவைக் கவனிக்கும் உள்துறையான ஹோம் ஆபீசுக்குத் தகவல் போகலாம், அப்புறம் பெற்றோரின் அடுத்த விசாவே மறுக்கப்படலாம். அதற்குள் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு நோயாளிகளுக்கான பிரிவுக்கு எழுதி, விவரமான பில் கேளுங்கள். ஏ அண்ட் ஈயில் பார்த்ததற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்தார்கள், மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.