பொட்டாசியம் ட்ரிப்ஸ் ஏத்துறாங்கன்னா பக்கத்துலயே இருங்க

போன மாசம் அம்மாவுக்கு மூணு நாளா வயித்தால போச்சு, கால் வீக்கத்துக்கு ஏற்கனவே லாசிக்ஸ் மாத்திரை (யூரினை அதிகமாப் போக வைக்கும், பொட்டாசியமும் கூடவே போயிரும்) வேற போட்டுட்டு இருந்தாங்க, பாத்ரூம்ல உக்காந்தவங்க தொடை ரெண்டும் துவண்டு எந்திரிக்கவே முடியல. மதுரைல வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ரத்தத்துல பொட்டாசியம் 2.6. குறைஞ்சது 3.5 இருக்கணும். ஹார்ட் துடிப்பு தாறுமாறா போகலாம், மானிட்டர் ரூம்தான் வேணும்னாங்க, ஒரு நாளைக்கு 4,500 ரூபா. சரின்னோம்.

மானிட்டர் இருந்துச்சு, சுவத்துல. ஒரு ஒயரைக்கூட அம்மா நெஞ்சுல ஒட்டல, கேட்டா "லீட் ஸ்டாக் இல்ல சார், வந்துரும்".

500 மில்லி சலைன்ல ஒரு ஆம்பியூல் பொட்டாசியம் குளோரைடு, நாலு மணி நேரம் ஓடணும்னு டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்ல எழுதியிருந்தாரு. சிஸ்டருக்கு டூட்டி முடியிற நேரம், ட்ரிப்ஸ் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரோலரை வேகமா ஓடுற மாதிரி தள்ளி விட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. அம்மா "கை எரியுதுடா, நெருப்பு வச்ச மாதிரி இருக்கு"ன்னு அழுவுறாங்க, அடுத்து வந்த சிஸ்டர்ட்ட போயி சொன்னா "பொட்டாசியம்னா எரியத்தான் சார் செய்யும்". முக்கால் மணி நேரத்துல முக்கால் பாட்டில் காலி, வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல குத்துற சின்னக் குழாய்) குத்துன இடம் இட்லி மாதிரி உப்பிப் போச்சு.

நல்ல வேளை, பெரியம்மா பொண்ணு பாக்க வந்தாங்க, அவங்க ஜிஹெச்ல ஸ்டாஃப் நர்ஸ். வந்ததும் ட்ரிப்ஸை நிறுத்திட்டு, "ஒரு ஆம்பியூல்ல 20 மில்லிஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்குற அளவு, மில்லி லிட்டர் இல்ல) இருக்கு, கை நரம்புல மணிக்கு 10க்கு மேல போகக் கூடாது, மானிட்டரும் போடாம இப்படித் திறந்து விட்டா ஹார்ட்டே நின்னுரும்"னு ஒரே சத்தம். யூரின் எவ்வளவு போனாங்கன்னு அளந்தீங்களா, மருந்து கலந்ததும் பாட்டிலைக் கவுத்துக் கலக்குனீங்களா (கலக்கலன்னா அடியில தங்குன மருந்து மொத்தமா முதல்ல இறங்கிருமாம்), மெக்னீசியம் பாத்தீங்களா, அக்கா கேட்ட எதுக்கும் பதில் இல்ல. மெக்னீசியம் கம்மின்னா பொட்டாசியம் ஏத்த ஏத்த யூரின்லயே போயிரும்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். டெஸ்ட் எடுத்தா அதுவும் கம்மி.

மறுநாள் பொட்டாசியம் சிரப்பைத் தண்ணியே கலக்காம வெறும் வயித்துல குடுத்து, அப்படியே வாந்தி. சாப்பிட்டதுக்கப்புறம் ஒரு டம்ளர் தண்ணில கலந்து மெதுவா குடிக்க வைக்கணும். (இளநீர் குடுத்தா சரியாயிரும்னு போன் பண்ண சொந்தக்காரங்களுக்கு: 2.6க்கு இளநீர் பத்தாது, கிட்னி சரியில்லாதவங்களுக்கு அதுவே வினை.)

டிஸ்சார்ஜ் பில்லுல மானிட்டர் சார்ஜ் தனியா, மூணு நாளைக்கு 3,600. ஓடுச்சுன்னா ஒரு ஈசிஜி பேப்பராவது காட்டுங்கன்னு கவுன்டர்லயே நின்னேன். ஒரு மணி நேரம் கழிச்சு மேனேஜர் வந்து பேனாவால அடிச்சுக் குடுத்தாரு. வீங்குன கைக்குத் தடவுன ஆயின்ட்மென்ட் 210 ரூபா மட்டும் அப்படியே இருந்துச்சு.