ஒரு ரூபாய்க்குப் படம் என்றால் பின் நம்பர் போடாதீர்கள்

மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துச் சொந்தங்களுக்கும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், முழுக்கப் படித்துவிடுங்கள்.

எங்கள் சித்தப்பாவுக்குப் பழைய படம் என்றால் உயிர். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணமும் கணக்கில் ஏறியிருந்த நேரம். சிவாஜி நடித்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டு, படத்தின் பெயரைப் போனில் சொல்லித் தேடியிருக்கிறார். முதலில் வந்ததைத் தொட்டுவிட்டார். காசு கொடுத்து மேலே ஏறி உட்கார்ந்த விளம்பர இணைப்பு அது. அப்படி ஒரு அடையாளம் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது, எழுபது வயதுக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை.

உள்ளே போனால் படத்தின் போஸ்டர், பக்கத்தில் '1 ரூபாய் வாடகை, இன்று மட்டும்', கீழே நேரம் குறைந்துகொண்டே வரும் ஒரு கடிகாரம். பிறகு நான் என் போனில் திறந்து பார்த்தபோதும் அதே கடிகாரம் முதலிலிருந்து ஓடியது. எந்த நாளில் போனாலும் அங்கே 'இன்று மட்டும்'தான்.

"ஒரு ரூவாதானேப்பா, போனா போவுதுன்னு போட்டேன்" என்றார் சித்தப்பா. டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்துவந்து தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்த ஊர் எங்களுடையது. வாடகைக் காசைக் கொடுத்தால் கணக்கு அதோடு முடிந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவரிடம் ஒரு ரூபாயைக் காட்டி வேறொன்றுக்குச் சம்மதம் வாங்கிவிட்டார்கள்.

அவர் பின் நம்பர் போட்ட அந்தத் திரையைத்தான் எல்லோரும் உற்றுப் பார்க்க வேண்டும். 1 ரூபாய் என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே சின்னதாக ஆட்டோபே, அதிகபட்சம் 999 ரூபாய், மாதந்தோறும், முடியும் தேதி பல வருடம் தள்ளி. அதாவது அவர் கொடுத்தது பணம் மட்டுமில்லை, இனி மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் அனுமதியும்தான். அனுமதி ஒருமுறை கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் 15,000 ரூபாய் வரை மறுபடி பின் நம்பர் கேட்காமலே எடுக்க ரிசர்வ் வங்கி விதி 2022 ஜூனிலிருந்து இடம் கொடுக்கிறது. மின்கட்டணம், இன்சூரன்ஸ் கட்டுகிறவர்களுக்கு அது வசதிதான். கெட்டவன் கையில் சிக்கினால்தான் வினை.

சரி, படமாவது ஓடியதா என்றால் அதுவும் இல்லை. டைட்டில் ஓடி நின்றுவிட்டது. முழுப் படத்துக்கு எங்கள் பிளேயரை இறக்குங்கள் என்று ஒரு கோப்பு வந்து விழுந்திருக்கிறது. பெயர் என்னவோ படத்தின் பெயர்தான், ஆனால் கடைசியில் ஏபிகே என்று முடிந்தது. அளவு 9 எம்பி. இரண்டரை மணி நேரப் படம் 9 எம்பியில் அடங்கவே அடங்காது, சாதாரணத் தரத்திலேயே பல நூறு எம்பி வரும். ஏபிகே என்பது படமே இல்லை, ஆண்ட்ராய்டு போனில் ஏற்றும் செயலி. அதை ஏற்றி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால் வங்கியின் ஓடிபி நேராக அவன் கைக்குப் போய்விடும். தெரியாத இடத்துச் செயலி என்று போன் எச்சரித்ததும் சித்தப்பா பயந்துபோய் மூடிவிட்டார். நெல் பணம் மொத்தமாகப் போகாமல் தப்பியது அந்தப் பயத்தால்தான்.

ஆனால் 999 ரூபாய் போய்விட்டது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பியும் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில், லோன் வேண்டுமா என்று கேட்கும் குறுஞ்செய்திகளுக்கு நடுவே. அவர் எப்படிப் பார்ப்பார்?

அந்தத் தளத்தில் ரத்து செய்ய எங்கேயும் வழி இல்லை. மின்னஞ்சல் முகவரி ஒன்று உண்டு, பதில்தான் இல்லை. இதற்கிடையில் தம்பி இணையத்தில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி அழைத்திருக்கிறான். எடுத்தவன், பணத்தைத் திருப்பித் தருகிறேன், போன் திரையை எனக்குக் காட்டும் செயலி ஒன்றைப் போடுங்கள் என்றிருக்கிறான். நான் பக்கத்தில் இருந்ததால் பிடுங்கி வைத்தேன். ஏமாந்தவர்களுக்கென்றே போலி நம்பர்களைப் போட்டுக் காத்திருக்கும் கூட்டம் அது. தயவுசெய்து அப்படித் தேடிக் கிடைக்கும் எந்த நம்பருக்கும் பேசாதீர்கள்.

வங்கியில் மரியாதையாகத்தான் பேசினார்கள். "பின் நம்பர் போட்டது நீங்கதானே ஐயா, எங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். அப்புறம் நாங்களே யூபிஐ செயலியில் புரொஃபைல் பகுதிக்குப் போய், ஆட்டோபே பக்கத்தைத் திறந்து அந்த அனுமதியை ரத்து செய்தோம். சில செயலிகளில் இது மேண்டேட் என்ற பெயரில் இருக்கும். செயலியை போனிலிருந்து தூக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, அனுமதி அப்படியே உயிரோடு இருக்கும்.

வாடகைக்குப் படம் எடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. யூடியூப், அமேசான் பிரைம் வீடியோ இரண்டிலும் முறையாக எடுக்கலாம். பொதுவாக, காசு கட்டியபின் பார்க்கத் தொடங்க 30 நாள், தொடங்கிவிட்டால் முடிக்க 48 மணி நேரம். பிரைம் சந்தா கட்டுகிறவர்களும் அங்கே வாடகை என்று போட்டிருக்கும் படத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். கூகுளில் தேடாமல், அந்தச் செயலியைத் திறந்து அதற்குள்ளேயே படத்தின் பெயரைத் தேடுவது நல்லது. பழைய படம் என்றால் முதலில் யூடியூபில் பாருங்கள். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே நிறையப் பழைய தமிழ்ப் படங்களை முழுசாக, இலவசமாகப் போட்டிருக்கின்றன. சித்தப்பா தேடிய படமும் அங்கேயே இருந்தது. அவருக்குப் போட்டுக் காட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது.

1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் போனதும் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது, வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறோம். இப்படித் தெரியாமல் சந்தாவில் மாட்டிவிடுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. அதனால் நானேதானே பின் நம்பர் போட்டேன் என்று கூச்சப்பட்டு யாரும் சும்மா இருக்க வேண்டாம்.

பணம் இன்னும் வரவில்லை. இதைக் கேள்விப்பட்டு, எதிர்வீட்டு அண்ணன் தன் போனை எடுத்துவந்து பார்க்கச் சொன்னார். ஆட்டோபே பக்கத்தில் அதே பெயர். நான்கு மாதமாக 999 போய்க்கொண்டிருந்திருக்கிறது. போன் ரீசார்ஜுக்குப் பிடிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அவருடையதையும் ரத்து செய்துவிட்டோம், அவர் பெயரிலும் 1930-க்குப் புகார் போயிருக்கிறது.