வீடு மாறினால் அரசுக்குச் சொல்லும் கடமை: அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான்

வெளிநாட்டில் குடியிருப்பவர் வீடு மாறினால் புதிய முகவரியைத் தெரிவிக்க அமெரிக்கா 10 நாளும், ஜெர்மனி இரண்டு வாரமும், ஜப்பான் 14 நாளும் கெடு வைத்திருக்கின்றன. கெடுவை மட்டும் பார்த்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அதற்குள் யாரிடம் என்ன தாளை வாங்கவேண்டும், தவறினால் எதை இழக்க நேரும் என்பதில் இவை பெரிதும் வேறுபடுகின்றன.

செய்வதற்கு எளிது அமெரிக்க முறை. ஏஆர்-11 எனும் குடிவரவுத் துறையின் முகவரி மாற்றப் படிவத்தை இணையத்திலேயே கட்டணமின்றி நிரப்பிவிடலாம். வீட்டு உரிமையாளரின் கையெழுத்து தேவையில்லை. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் படிப்பவர்கள் அதே 10 நாளுக்குள் தங்கள் கல்வி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். அஞ்சல் துறையிடம் முகவரி மாற்றம் கேட்டு விண்ணப்பிப்பது இந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. எளிமைக்கு நேர்மாறாகத் தண்டனை கடுமையானது: அபராதமும் 30 நாள் வரை சிறையும் மட்டுமின்றி, தக்க காரணம் இருந்தது என்றோ வேண்டுமென்றே தவறவில்லை என்றோ நிறுவ முடியாத ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றவும் சட்டம் இடமளிக்கிறது. குடிமக்களுக்கு இப்படியொரு கடமையே இல்லை. அனுப்பியதற்கான ஒப்புகையைச் சேமித்து வைப்பது மிக அவசியம்.

ஜெர்மனியில் பதிவு செய்யும் கடமை குடிமக்களுக்கும் வெளிநாட்டவருக்கும் பொதுவானது. தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். சிக்கல் இருப்பது சான்றில்தான். வீட்டைக் கொடுத்தவர், இன்னார் இன்ன தேதியில் குடிவந்தார் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை அலுவலகத்தில் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. 2002-இல் கைவிடப்பட்ட இந்தச் சான்று, போலிப் பதிவுகளைத் தடுப்பதற்காக 2015 நவம்பரில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் சரியானதே என்றாலும், அதன் சுமை உள்வாடகைக்கு அறை எடுக்கும் மாணவர் மீதும் புதிதாக வேலைக்கு வந்தவர் மீதும்தான் விழுகிறது. பதிவு இல்லாவிட்டால் வருமான வரி எண் வருவது தடைபடும். அந்த எண் இல்லாமல் காலம் நீண்டால், பிடித்தம் மிக அதிகமான ஆறாம் வரி வகுப்பில் சம்பளத்திலிருந்து வரி கழிக்கப்படலாம். அந்த எண்ணும் அஞ்சலில்தான் வருகிறது என்பதால், குடியேறிய அன்றே அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். உரிமையாளர் சான்று தர மறுத்தால் அதைத் தாமதமின்றிப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும் குடியிருப்பவரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. பலர் இதை அறியாமல் வாரக்கணக்கில் காத்திருந்துவிடுகிறார்கள்.

மூன்றில் ஜப்பானிய முறையே புதிதாக வருபவருக்கு உகந்தது என்பது என் முடிவு. 2012 ஜூலையில் வெளிநாட்டவருக்கான தனிப் பதிவேடு ஒழிக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கு மேல் தங்குவோரும் குடிமக்கள் இருக்கும் அதே பதிவேட்டில் சேர்க்கப்பட்டார்கள். வேறு ஊருக்குப் போகிறவர் பழைய நகராட்சியில் வெளியேறும் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, குடியேறியபின் புதிய நகராட்சிக்குக் குடியிருப்பு அட்டையுடன் சென்றால், அட்டையின் பின்புறத்திலேயே புதிய முகவரியைப் பதிந்து தருகிறார்கள். அந்த ஒரே வருகையில் நகராட்சிப் பதிவும் குடிவரவுத் துறைக்கான அறிவிப்பும் முடிந்துவிடுகின்றன. ஆயினும் தக்க காரணமின்றி 90 நாள் கடந்தும் தெரிவிக்காதவரின் வசிப்புரிமையையே ரத்து செய்யலாம் என்பதால், இந்த எளிமையை நம்பி நாள் கடத்துவது ஆபத்தானது.