799 ரூபாய் பெட்டியில் உருப்படியானது ஒரு சட்டம்தான்

காலாண்டு லீவில் மகளை போனிலிருந்து பிரித்து உட்கார வைக்க வழி தெரியாமல், பழைய காகிதத்திலிருந்து புதுத் தாள் செய்யும் பெட்டி ஒன்றை ஆன்லைனில் 799 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், இதே பெட்டியைப் பல பேர் விற்கிறார்கள், உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவளுக்கு எட்டு வயது, கூடவே எதிர் வீட்டுப் பையன் ஐந்து வயதில் ஒருவன்.

உள்ளே இருந்தவை: வலை அடித்த மரச்சட்டம், அதன் மேல் வைக்க வலையில்லாத இன்னொரு சட்டம், ஸ்பாஞ்சு, நாலு துணி, காய்ந்த பூ ஒரு பொட்டலம், கொஞ்சம் விதை, அப்புறம் 100 கிராம் வெள்ளைக் காகிதத் துண்டு. கடைசிச் சாமானைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பழைய பேப்பர் கடைக்குப் போட ஒரு கட்டு நோட்டு பரண் மேல் கிடக்கும்போது எனக்கே காகிதம் விற்றிருக்கிறார்கள்!

வேலை என்னமோ எளிதுதான். தாளைத் தபால்தலை அளவுக்குக் கிழித்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் ஒரு கைப்பிடிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடித்து, அகலமான டப்பில் இன்னும் தண்ணீரோடு கலக்கி, சட்டத்தைச் சாய்வாக உள்ளே விட்டு மட்டமாகத் தூக்கி, தண்ணீர் வடிகிற அந்த நாலைந்து நொடிக்குள் இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட வேண்டும். இந்த ஆட்டலில்தான் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், இதை விட்டால் தாள் நடுவில் ஓட்டை. பிறகு துணி மேல் கவிழ்த்து, வலையின் முதுகில் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு சட்டத்தைத் தூக்க வேண்டும். முதல் ஐந்து தாளும் கிழிந்தன. ஆறாவது, தடிமனாக, தோசை மாதிரி ஓரம் கோணலாக வந்தது. காய்ந்ததும் பார்த்தால் ஒரு மூலையில் அவள் கணக்கு நோட்டின் 7 ஒன்று அரைபடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, டீச்சரின் சிவப்பு மைத் துணுக்கு அங்கங்கே. அந்தத் தாளை மட்டும் யாருக்கும் தரமாட்டாளாம்.

செய்முறைத் தாளில் சொல்லாமல் விட்டவை நிறைய. நியூஸ்பேப்பர் மட்டும் போட்டால் சாம்பல் நிறத்தில் சொதசொதவென்று வரும், நோட்டுத் தாள்தான் நல்லது. வழவழப்பான விளம்பர நோட்டீஸ் சரியாகக் கரையாது. ஏடிஎம் ரசீது, சூப்பர் மார்க்கெட் பில் எதையும் சேர்க்காதீர்கள், அதன் மேல் பூச்சில் இருக்கும் ரசாயனம் பிள்ளைகள் கையில் அளைய வேண்டிய பொருள் இல்லை. புதுச்சேரியில் 1959 முதல் நடக்கும் அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதம் அவ்வளவு உறுதியாக இருக்கக் காரணம் பருத்தித் துணியின் நீளமான நார். நாம் போடுவது ஏற்கெனவே ஒருமுறை காகிதமாகி நார் குட்டையாகிப் போன சரக்கு, அந்த உறுதியை எதிர்பார்க்கக் கூடாது.

தாளை மண்ணில் புதைத்தால் செடி முளைக்கட்டும் என்று கொடுத்த விதை விஷயம் இன்னும் கூத்து. பிரித்துப் பார்த்தால் நம்ம சப்ஜா விதை. முதலிலேயே கூழில் போட்டுவிட்டோம், அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றும் தவளை முட்டை மாதிரி ஊதி, தாள் வலையை விட்டு வரவே இல்லை. ஈரத் தாளைத் துணியில் கவிழ்த்த பிறகு மேலே தூவி அழுத்தினால் போதும்.

மூன்றாம் நாள் சட்டத்தின் வலை ஒரு மூலையில் பிய்ந்தது, வலையை அடித்திருந்த பின்களெல்லாம் துரு. கஸ்டமர் கேரில் கேட்டால் தண்ணீர் பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாதாம். தண்ணீரில் முக்கி எடுக்கவே செய்த சாமானுக்கு! ஹார்டுவேர் கடையில் ஜன்னல் கொசுவலைத் துண்டு வாங்கி நானே அடித்தேன், அது இன்றுவரை அசையவில்லை.

இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "ஏட்டி, காயிதத்த வச்சிக் களியா கிண்டுத?" என்று பேத்தியைக் கேட்டுவிட்டு, மீதிக் கூழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஊறவைத்த வெந்தயத்தை அரைத்து அதோடு பிசைந்து, கவிழ்த்த சட்டி மேல் ஈரத்துணி போட்டு விரற்கடை கனத்துக்கு அப்பி, மூன்று நாள் வெயிலில் வைத்து எடுத்தால் கூடை ரெடி. வெந்தயத்தின் வழவழப்பே பசை, அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது அவர் கணக்கு. ஐந்து வயதுக்காரனுக்குச் சட்டம் பிடிக்கத் தெம்பில்லை, சட்டியில் அப்புவது மட்டும் அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அந்தக் கூடையில் இப்போது எங்கள் வீட்டு மிளகாய் வற்றல் இருக்கிறது.

ஆக, ஏழெட்டு வயதுக்கு மேல் பிள்ளை இருந்து, சட்டம் அடித்துத் தர ஆசாரி யாரும் கிடைக்காவிட்டால் வாங்கலாம், அதுவும் 400 ரூபாய்க்குள் வந்தால். கூழ்த் தண்ணீரை மட்டும் சிங்கில் ஊற்றிவிடாதீர்கள், பழைய வேட்டியில் வடிகட்டிச் செடிக்கு ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் குழாய் அடைப்பு எடுக்க வந்தவர் 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.